எதிர்வீட்டுக்கு வந்த போன்

அக்டோபர் 14, திங்கள்

போன் செத்து இன்றோடு ஒன்பது நாள். சாக்கடைக்குத் தோண்ட வந்தவர்கள் கேபிளை அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் எக்ஸ்சேஞ்சுக்கே நேரில் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க தெருவுக்கு இனிமே செம்புக் கம்பி கிடையாது சார். ஃபைபருக்கு மாறிக்கிடுங்க. இன்டர்நெட் வழியாப் பேச்சு வரும். நம்பர் அதேதான் இருக்கும். வேண்டாம்னா சரண்டர் பண்ணிருங்க."

இரண்டு ஃபார்மையும் வாங்கி வந்தேன். சரண்டர் என்று மனதுக்குள் முடிவு பண்ணியாயிற்று. புருஷன் பெண்டாட்டி என்று இரண்டு கிழங்கள் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. பெங்களூரிலிருந்து மகன் குமரேசனும் இதையேதான் சொல்கிறான்: "இன்னுமாப்பா அதக் கட்டிக்கிட்டு அழுறீங்க?"

காந்திமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்காமலே, "செண்பகத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யுங்க" என்றாள். என் வீட்டு போனை எடுக்க எதிர்வீட்டுக்காரியிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்.

மாத்திரை சாப்பிட்டேன். பிரஷர் மாத்திரை நாளைக்கு வாங்க வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே செண்பகம் வந்து நின்றாள். தலையில் இன்னும் ஈரத் துண்டு. காந்திமதி பால் வாங்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறாள்.

"போனை எடுக்கப் போறியளாமே அண்ணாச்சி?"

"யோசன தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"நான் உங்கள நிர்ப்பந்தம் பண்ண முடியாது. ஆனா நம்பிக்குத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான்லா." சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இதைக் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டும். தொண்ணூற்றாறில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் போன் இது. அதிலிருந்து தெருவே எங்கள் நம்பரைத் தன் நம்பராக எழுதிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில், வேலை விண்ணப்பத்தில், ஆஸ்பத்திரிச் சீட்டில், எங்கள் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து, பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். வெளியூரிலிருந்து அடிப்பவர்கள், "எதிர்வீட்டு இன்னாரைக் கூப்பிடுங்க, பத்து நிமிஷத்துல திரும்ப அடிக்கேன்" என்று வைத்துவிடுவார்கள். எஸ்.டி.டி. மீட்டர் ஓடுகிற பயம். நாங்கள் போய் ஆளைக் கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்த நான் என் வீட்டில் பியூன் வேலை பார்த்தேன்.

செண்பகத்தின் தம்பி நம்பி. அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவன், அவள் தூக்கி வளர்த்தவன். தொண்ணூற்றொன்பதில் பாலிடெக்னிக்குக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி ஷோ பார்த்துவிட்டு வந்தான். நடுத்தெருவில், கூடப் படிக்கும் சேக்காளிகள் முன்னால், இவள் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டாள். மறுநாள் ஆளைக் காணோம். பம்பாய்க்குப் போனதாகப் பேச்சு. அவ்வளவுதான் தெரியும். அவர்களுடைய அம்மா 2004இல் கண்ணை மூடினாள். செண்பகம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் மிஷின், ஜாக்கெட், எதிர்வீடு. ஐம்பத்தாறு வயதாகிறது.

மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்: "எனக்கு ஏதும் போன் வந்துச்சா அண்ணாச்சி?" இல்லை என்று சொல்வேன்.

அக்டோபர் 16, புதன்

ஃபார்ம் எதையும் நிரப்பவில்லை. பேனா சரியாக எழுதவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஃபைபர் ஃபார்மையே கொடுத்துவிட்டேன். அதே நம்பரை வைத்துக்கொள்ளவும் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

திரும்பி வரும்போது பால்பூத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பூத்காரர் என்னைக் காட்டி ஒருவரிடம் சொல்கிறார்: "எதிர்வீட்டுப் பொம்பளைக்காக இருபது வருஷமா போனைக் காப்பாத்திக்கிட்டு இருக்காவ. இந்தக் காலத்துல யாரு செய்வா?" அந்த ஆள் எனக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன். பால் பாக்கெட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். காந்திமதி திரும்பப் போகச் சொன்னாள். நான் போகவில்லை.

முன்பு எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்தபோதும் செண்பகம் இப்படித்தான் பதறிக்கொண்டு வந்து நின்றாள். பழைய நம்பரை அடித்தால் ஒரு பெண் குரல், முன்னால் 2 சேர்த்து அடிக்கவும் என்று சொல்லும் என்று எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போய் அடித்துக் காட்டினேன். அப்போதும் தெருவே மெச்சியது.

உண்மையைச் சொன்னால் ஒரு முறை ஏதோ ஒரு கால் வந்ததுதான். 2001 வாக்கில். லைன் கரகரவென்று இருந்தது. யார், என்ன என்று விளங்குவதற்குள் கட்டாகிவிட்டது. அதைப் போய் என்னவென்று சொல்வது? அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அக்டோபர் 21, திங்கள்

லைன்மேன் துரைராஜ் வந்தார். ஐம்பது வயது இருக்கும், இன்னும் கம்பத்தில் ஏறுகிறார். வாசல் சுவரில் ஓட்டை போட்டு, நூல் மாதிரி ஒரு வெள்ளை ஒயரை உள்ளே இழுத்தார். இதற்குள் கண்ணாடி இழை இருக்கிறதாம், வெளிச்சத்தில் பேச்சு போகிறதாம். மடக்கினால் ஒடிந்துவிடும் என்று மூன்று தடவை சொன்னார். நான் என்ன குழந்தையா?

செண்பகம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். துரைராஜ் கடைசியில், "நம்பரைப் பழைய எக்ஸ்சேஞ்சுல மூடிட்டுப் புதுசுல தொறக்கணும். நடுவுல ரெண்டு மூணு நாளு எங்கயுமே இருக்காது" என்றார்.

"அந்த ரெண்டு மூணு நாளுல யாராச்சும் அடிச்சா?" என்று அவள் கேட்டாள்.

"உபயோகத்தில் இல்லைன்னு சொல்லும்க்கா."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. துரைராஜுக்கு காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

போகும்போது துரைராஜ் காந்திமதியிடம், புது லைனில் பேச்சு நன்றாகக் கேட்கும், இனிமேல் நீங்களும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காந்திமதி அந்த போனை எடுப்பதே இல்லை. காது மந்தம் என்பாள். சமையலறையில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று மொட்டை மாடியிலிருந்து எண்ணுகிறவள் அவள்.

அக்டோபர் 24, வியாழன்

நம்பர் இரண்டு நாளாக எங்குமே இல்லை.

செண்பகம் ஹூக் வைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு எங்கள் முன்னறைக்கே வந்துவிட்டாள். அரை மணிக்கு ஒரு தரம் தன் செல்போனிலிருந்து எங்கள் நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போடுகிறாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை. மறுபடி ஊசியில் நூலைக் கோக்கிறாள். மறுபடி அடிக்கிறாள்.

"போதும் செண்பகம். ஒரே பல்லவியத்தான பாடுது" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல அண்ணாச்சி. இத்தன வருஷம் கழிச்சு அவனுக்கு மனசு வந்து, இன்னைக்குன்னு பாத்து அடிச்சு, இதக் கேட்டான்னா? அக்கா இருக்கலாம் போயிருக்கலாம்னு விட்டுருவான்லா." ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "அந்த அடிய நான் அடிச்சிருக்கப்பிடாது. அந்தக் கோவந்தான் அவனுக்கு இன்னும் ஆறல" என்றாள்.

காந்திமதி அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அது நேற்றைய பேப்பர்.

18ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். பத்திரத்தில் தப்பு வந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் போடச் சொல்லுவோம். ஊரார் பத்திரத்தில் எழுத்து மாறினால் விடாமல் பிடித்தவன் நான்.

லைன் கரகரக்கவில்லை. தெளிவாகத்தான் கேட்டது. "எதிர்வீட்டுச் செண்பகத்தக் கூப்பிடுங்க, பத்து நிமிஷத்துல அடிக்கேன்" என்று ஓர் ஆண் குரல். அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை. குடை கிடைக்கவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை. அது நம்பியின் குரல் என்று அப்போது எனக்குத் தெரியாது. இது சத்தியம்.

அக்டோபர் 26, சனி

நம்பருக்கு உயிர் வந்துவிட்டது. பத்தரை மணிக்கு மணி அடித்தது, புது போன், புதுச் சத்தம். மேலே சின்னக் கண்ணாடியில் செண்பகத்தின் நம்பர் தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் நின்று அவள்தான் அடித்திருக்கிறாள். எடுத்து ஹலோ என்றேன். "நாந்தான் அண்ணாச்சி, சும்மா பாத்தேன்" என்று சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.

புது போனை மாட்ட வந்த துரைராஜ் போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டார். ஒயரையும் போனையும் இணைக்கும் இந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். பழைய போன் மாதிரி இல்லை. கரண்ட் போனால் போனும் போகும். மழைக்காலம், எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாளைத்தான் எண்ண வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து செண்பகம் எதையோ இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய தையல் மிஷின் மோட்டாருக்கு வைத்திருந்த பேட்டரிப் பெட்டி. கரண்ட் இல்லாவிட்டாலும் தைப்பதற்காக வாங்கியது.

"தீபாவளி நேரம், உனக்கு ராப்பகலா வேல கெடக்கும். இத எதுக்குக் கொண்டாந்த?"

"நான் காலால மிதிச்சுத் தச்சிக்கிடுவேன் அண்ணாச்சி. பழகுனதுதான. இது இங்க கெடக்கட்டும்." முட்டியில் வலி உள்ளவள். அவளே குனிந்து பிளக்கை மாட்டிவிட்டுப் போனாள்.

அந்தப் பேட்டரியில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது. முன்னறைக்குள் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.

எழுதிவிடுகிறேன்.

2001, தீபாவளி முடிந்த ஞாயிறு. அன்றைக்குக் காலையிலிருந்து தெருவுக்கு மூன்று பி.பி. கால். மூன்று பேரையும் நான்தான் போய்க் கூட்டி வந்தேன். மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள் காந்திமதி. உண்ட மயக்கத்தில் கட்டிலில் சாய்ந்தேன், மணி அடித்தது. அது நாலாவது. எங்கள் வீடு என்ன போஸ்ட் ஆபீஸா என்று எரிச்சல் வந்தது எனக்கு. குடை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். குடை கதவுக்குப் பின்னால், எப்போதும் தொங்கும் ஆணியில்தான் தொங்கியது. போகவில்லை. திரும்பப் படுத்துக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடி அடித்தது. "அக்கா வந்துட்டாளா?" என்று கேட்டது குரல்.

தொல்லை விட்டால் போதும் என்று சொன்னேன்: "வர மாட்டேன்னுட்டா."

"நம்பின்னு சொன்னியளா அண்ணாச்சி?" என்றான்.

அப்போதுதான் எனக்கு யாரென்று தெரிந்தது. அந்த நொடியில் இரு, கூட்டிட்டு வாரேன் என்று ஓடியிருக்கலாம். மழையில் நனைந்துகொண்டே ஓடியிருக்கலாம். அப்படி ஓடினால், முதலில் போகவே இல்லை என்பது அந்தப் பயலுக்குத் தெரிந்துவிடும். ஹெட் கிளார்க் ஆவுடையப்பன் பொய் சொன்னான் என்று ஆகிவிடும்.

"சொன்னேன்" என்றேன்.

"சரி அண்ணாச்சி. வச்சிருதேன்."

அவ்வளவுதான் நடந்தது. அந்தக் காலத்து போனில் கூப்பிட்டவன் நம்பர் தெரியாது. திரும்பவும் அடிப்பான், அப்போது ஓடிப்போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று இருந்தேன். அவன் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு போன் வந்தாலும் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். நல்ல மனுஷன் என்று பேர் வந்தது.

அவர்களுடைய அம்மா சாகக் கிடந்தபோது நான் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். "போன் வந்துச்சா?" என்று அந்தக் கிழவியும் கேட்டாள். வரவில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

காந்திமதியிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அந்த நம்பி பய ஒரு தடவ..." என்றதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நானும் அந்தக் கட்டில்லதான படுத்திருந்தேன்" என்றாள்.

இருபத்து மூன்று வருஷம்! ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் அவ மூஞ்சியப் பாத்து நாஞ் சொல்ல எனக்கே தைரியம் இல்ல. அதான் அந்த போனத் தொடுததே இல்லன்னு விட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

நான் யாரிடமிருந்து எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை நாள் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

செண்பகம் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்தாள். காலால் மிதித்துத் தைத்ததில் முட்டி வீங்கியிருக்கிறது, படியேறப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினாள். வந்ததும் பேட்டரியின் பச்சை விளக்கைப் பார்த்தாள். "தீபாவளிக்குத்தான அவனுக்கு வீட்டு நெனப்பு வரும்" என்றாள்.

இன்றைக்குச் சொல்லவில்லை. நல்ல நாள், அவளை அழவைக்கக் கூடாது. இப்படி எழுதும்போதே தெரிகிறது, இதுவும் குடை கிடைக்காத கதைதான்.

நவம்பர் 2, சனி

சொல்லிவிட்டேன்.

பதினோரு மணிக்குத் தெருவைக் கடந்து அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினில் இருந்தாள். "நீங்க எதுக்கு வந்திய அண்ணாச்சி, ஒரு சத்தங் குடுத்தா நானே வந்திருப்பேன்லா" என்று நாற்காலியிலிருந்த துணியை அள்ளி எனக்கு இடம் செய்தாள்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். குடை ஆணியில் தொங்கியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்று ராத்திரியே மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஊசிக்கு அடியில் பாதி தைத்த ஜாக்கெட் கை அப்படியே நின்றது.

"நான் வர மாட்டேன்னு சொன்னதாவா சொன்னிய?"

"ஆமா."

"நம்பின்னு தெரிஞ்சும் நான் வரலன்னா சொன்னிய?"

"ஆமாம்மா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன். மன்னிச்சிரும்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போங்க" என்றாள்.

வந்துவிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

செண்பகம் வரவில்லை. மாலையில் கரண்ட் போனது. தெருவே இருட்டாக இருந்தது, எங்கள் முன்னறையில் மட்டும் அவளுடைய பேட்டரியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிஷின் சத்தம் கேட்டது. காந்திமதி பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவரச் சொன்னாள். அவளிடம் கொண்டுபோய் நீட்ட எனக்கு முகம் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான்தான் வெளியே போனேன். தூங்காத கண்.

"அவன் குரல் எப்படி இருந்துச்சு?"

நான் யோசிப்பதற்குள் அவளே அடுக்கினாள்:

"இருமுனானா? சீக்காளிக் குரலா இருந்துச்சா? சாப்ட்டவன் பேசுத மாதிரி இருந்துச்சா?"

"இருமல. நல்லாத்தான் இருந்துச்சு. தெடமான குரலு."

"என்னைய எப்படிச் சொன்னான்? பேரச் சொன்னானா, அக்கான்னானா?"

"மொதல்ல பேரு. ரெண்டாவது தடவ, அக்கா வந்துட்டாளான்னு கேட்டான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். "கோவமாவா கேட்டான்?"

இந்த ஒன்றிலாவது பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது. "இல்ல. சந்தோஷமாக் கேட்டான். நான் சொல்லுத வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தான்."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். பால்பூத்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த நம்பர எனக்குத் தந்துருங்க. அவன் அடிச்சா நாந்தான் எடுக்கணும். வேற யாரும் எடுக்கப்பிடாது."

நவம்பர் 6, புதன்

எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். அதே அம்மாள். பெயர் மாற்றத்துக்கு ஒரு ஃபார்ம், இட மாற்றத்துக்கு ஒரு ஃபார்ம். "இப்பத்தான சார் உங்க வீட்டுல புதுசா மாட்டுனோம், அதுக்குள்ள என்ன?" என்றாள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். 'நம்பர் அவர்களுடையது' என்று எழுதினேன்.

படித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 14, வியாழன்

துரைராஜ் வந்து எங்கள் வீட்டு போன் பெட்டியைக் கழற்றி எதிர்வீட்டில் மாட்டினார். "நாலு எட்டு தூரத்துக்கு இவ்வளவு வேலையா அண்ணாச்சி?" என்று சிரித்தார். நாலு எட்டு இல்லை, இருபத்திரண்டு. இன்று நடந்து எண்ணினேன்.

பேட்டரியை நானே தூக்கிக்கொண்டு போனேன். செண்பகம் வாங்கி வைத்தாள். "சரி சார்" என்றாள்.

அண்ணாச்சி போய் சார் ஆகிவிட்டேன். எனக்குக் கிடைத்த தண்டனையில் இதுதான் வலிக்கிறது. வீட்டுக்கு வந்து காந்திமதியிடம் சொன்னேன். "வேற என்னன்னு கூப்பிடுவா?" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

சுவரில் போட்ட ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். சரியாக வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து கொட்டுகிறது. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். கேட் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் செண்பகம். குடை இல்லை, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்து நிற்கிறாள்.

"சார், உங்களுக்கு போன் வந்திருக்கு. பென்ஷன் சங்கத்துலருந்து. பத்து நிமிஷத்துல திரும்ப அடிப்பாவளாம். வாங்க."

சங்கத்தின் புத்தகத்தில் இன்னும் அந்தப் பழைய நம்பர்தான் இருக்கிறது. மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாதிரி யாரும் இங்கே இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். வர மாட்டேன் என்றுவிட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். என் செல் நம்பர் அவளிடம் இருக்கிறது, அதிலாவது அடித்திருக்கலாம். முட்டி வலியோடு மழையில் நடந்து வந்திருக்கிறாள்.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதை அவள் தலைக்கு மேல் பிடிக்கப் போனேன், அவள் வேகமாக முன்னால் நடந்துவிட்டாள்.

அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில் போன் இருக்கிறது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியது. பத்து நிமிஷம் எவ்வளவு நேரம் என்று எனக்கு இத்தனை வயதுக்கு இன்றுதான் தெரிந்தது. ஒருவன் பம்பாயில் பூத்துக்கு வெளியே இவ்வளவு நேரம் நின்றிருக்கிறான்.

மணி அடித்தது. நான் கையை நீட்டவில்லை. அவள் மிஷினை நிறுத்திவிட்டு, போனின் சின்னக் கண்ணாடியில் தெரிந்த நம்பரைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "சார் வந்துட்டாங்களாம்மா?"

"வந்துட்டாவ" என்றாள். "இந்தா, குடுக்கேன்."

போனை என் கையில் கொடுத்தாள். நான் எழுந்து நின்றுகொண்டு ஹலோ என்றேன்.